ஓரெழுத்துக் குறைந்த விமானம்

சிவபாதத்தின் மனைவி பாலேஸ்வரி தன் கணவரைப் பற்றிச் சொல்லும் ஒரு வசனம் எங்கள் கட்டடத்தின் பதினான்கு மாடிக்கும் தெரியும்.

"என்னை இந்த மனுசன் ஒருக்காத்தான் கட்டினவர். பிளேன் பெல்ற்றை நாளுக்கு ரெண்டாயிரம் தரம் கட்டுறார்."

இரண்டாயிரம் என்பது பாலேஸ்வரியின் கணக்கு. நானாக இருந்தால் இருபதினாயிரம் என்றிருப்பேன். கேட்கிறவர்களுக்கும் சந்தோசமாக இருந்திருக்கும். உண்மை என்னவென்றால், கனடாவில், டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் எனக்கு எதிர்க்கதவில் குடியிருந்த சிவபாதம், பியர்சன் விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறத்தைத் துப்புரவு செய்யும் ஒரு கொம்பனியில் வேலை பார்த்தார். வந்தவர்கள் இறங்கி, போகிறவர்கள் ஏறுவதற்கு இடையில் கிடைக்கும் முக்கால் மணித்தியாலம்தான் அவர்களுடைய நேரம். ஒருவர் குப்பை பொறுக்குவார், ஒருவர் தலையணை உறை மாற்றுவார், ஒருவர் கழிவறைக்குள் போவார். சிவபாதத்தின் பங்கு பெல்ற். ஒவ்வோர் இருக்கையிலும் குழம்பிக் கிடக்கும் இரண்டு பட்டிகளையும் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு, இரும்புக் கொளுவி இருக்கிறதே, அந்த பக்கிளின் முகம் கூரையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அடுத்ததாக வந்து குந்துகிறவருக்கு, தனக்கு முன் அந்த இடத்தில் யாருமே இருக்கவில்லை என்ற எண்ணம் வர வேண்டுமாம்.

அப்படி வைத்துக்கொண்டு போனபோதுதான் அவருக்கு அந்த ஆச்சரியம் பிடித்தது. வெளியே விமானத்தின் உடம்பில் ஒரு கொம்பனியின் பெயர். உள்ளே பக்கிளில் வேறொரு கொம்பனியின் பெயர். அடுத்த வரிசையில் மூன்றாவது பெயர்.

வேறொருவர் என்றால் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். சிவபாதமோ கொடிகாமத்தில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்த மனிதர். கனடாவிலும் அவரை எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வண்டி வந்தால் அது எந்த வண்டி, எங்கிருந்து வந்தது, எப்போது போனது என்று எழுதாமல் விடுவது அவருடைய சாதகத்திலேயே இல்லை. ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்கினார். அடிமட்டத்தை வைத்துக் கோடு அடித்தார். முதல் பெயர், இரண்டாம் பெயர், இப்போதைய பெயர், குறிப்பு என்று நான்கு நிரல்கள் போட்டார்.

உலகத்து விமானம் எல்லாவற்றையும் எழுத ஏலாது என்பதால் ஒன்றே ஒன்றைத் தெரிந்தெடுத்தார். ரைஸ்ரார் என்ற மூன்று எஞ்சின் விமானம். அவர் கொழும்பிலிருந்து ஏர் லங்காவில் ஏறி வந்ததும் ரைஸ்ரார்தான். முதல் ஏறிய விமானத்தின்மேல் மனிதருக்கு ஒரு பிடிப்பு இருக்கும்போல. பியர்சனுக்கு வந்த விமானங்களின் பக்கிள்களும், நூலகத்துப் புத்தகங்களும், பழைய விமானச் சஞ்சிகைகளும் சேர்ந்து நான்கு வருடத்தில் கொப்பியை நிரப்பின. ரைஸ்ராரை வைத்திருந்தவர்கள் பட்டியலை அவர் வாசித்துக் காட்டும்போது எனக்கு, படிப்பித்த பூமிசாத்திரம் எல்லாம் திரும்பி வரும். ஏர் கனடா, டெல்டா, பிரிட்டிஷ் எயார்வேஸ், கல்ஃப் எயார், சவுதியா, கதே பசிபிக், ஜப்பானில் ஒன்று, ஜேர்மனியில் ஒன்று.

"கொம்பனியள் மட்டுமில்லை ரீச்சர். அரசாங்கங்களும் வைச்சிருக்குதுகள். சவுதி அரண்மனைக்கு ஒண்டு. ஜோர்தான் அரசருக்கு ஒண்டு. இங்கிலிஸ்காரன்ர விமானப்படை அதையே பெற்றோல் பவுசர் ஆக்கி, ஆகாயத்தில வைச்சு மற்ற பிளேனுகளுக்கு எண்ணெய் அடிக்கிறான்."

"ராசாவின்ர பெல்ற்றையும் நீங்கள்தான் கட்டுறனீங்களோ?" என்று பாலேஸ்வரி குசினியிலிருந்து கேட்டாள்.

ஏர் கனடாவில் பறந்த ஒன்றை ஓர் அமெரிக்கக் கொம்பனி வாங்கி, வயிற்றுக்குக் கீழே ரொக்கெற்றைக் கட்டிக்கொண்டுபோய் நடு ஆகாயத்தில் கழற்றிவிட்டது. இதை நான் ஊரில் யாருக்குச் சொன்னாலும் "ரீச்சர் தொடங்கிவிட்டா" என்று சிரிக்கிறார்கள். மேகத்தைக் கிள்ளிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன் என்று நான் சொன்னதை நம்பினார்கள். ரொக்கெற் கதையோ சத்தியமான உண்மை. அதை ஒருவரும் நம்புவதில்லை. உண்மையைச் சொல்லி நம்பவைப்பது எவ்வளவு கடினம் என்பது, அந்த ரொக்கெற் பறந்த 1994ஆம் ஆண்டு புரட்டாதியில் யோகராணி என் கதவைத் தட்டியபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

யோகராணி ஆறாம் மாடியில் ஒரு குடும்பத்தோடு அறை எடுத்து இருந்தவள். இருபத்தெட்டு வயது. பருத்தித்துறையில் தையல் வேலை செய்தவள்; ஒரு சட்டையை ஒருமுறை பார்த்தால் அளவெடுக்காமல் வெட்டுவாள். அதற்கு முந்தின வருடம் கார்த்திகையில் ஏஜென்ற் ஒருவன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, விமான நிலையத்தால் வெளியே விட்டு, கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு மறைந்து போனான். நாலாம் நாள் அவள் அகதி விண்ணப்பம் கொடுத்தாள். இப்போது விசாரணை நடந்திருந்தது. நடந்திருந்தது என்பதைவிட, கவிழ்ந்திருந்தது என்பதே சரி.

அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"ரீச்சர், எல்லாம் உண்மை சொன்னனான். ஜட்ஜ் அம்மா என்னைப் பாத்த பார்வை, நான் களவெடுத்துப் பிடிபட்டமாதிரி இருந்தது. வக்கீல் கசெற்றைத் தந்தவர். இங்கிலிஸில என்ன சொல்லிக் கிடக்கெண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

விசாரணையைப் பதிவு செய்த கசெற் அது. என் குசினி மேசையில் வைத்துப் போட்டோம். யோகராணி பேசுவது கேட்டது. பிறகு மொழிபெயர்ப்பாளர் சேதுராமனின் ஆங்கிலம் கேட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளை. மரியாதையான குரல், ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார். அதுதான் பிரச்சினையே.

எந்த விமானக் கொம்பனியில் வந்தாய் என்று நடுவர் கேட்டார். "வெளியில பேரே இல்லை, முழு வெள்ளை. பெல்ற்றில மட்டும் எழுத்திருந்தது. இ, ஏ, எஸ், ரி, இ, ஆர்" என்று யோகராணி எழுத்துக்கூட்டினாள். நடுவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈஸ்ரரா? ஈஸ்ரர் பண்டிகைக்கா வந்தாய்? கார்த்திகை என்றுதானே விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாய்?" என்றார்.

சாப்பாடு தந்தார்களா என்று அடுத்த கேள்வி. "ஓம். பெட்டையள் கிணத்துக்குள்ள இறங்கிப்போய்ச் சாப்பாடு கொண்டந்தவை." சேதுராமனின் ஆங்கிலம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு கிணறு என்பதைக் கிணறு என்றே சொன்னார். விமானத்துக்குள் கிணறு.

கடைசியாக, ஏஜென்ற் உன்னிடம் என்ன சொன்னான் என்று கேட்டார்கள். "பிளேனுக்குள்ள ஒண்டும் கதைக்கேல்லை. கதைச்சதெல்லாம் எயார்போட்டிலதான்" என்றாள் யோகராணி. சேதுராமன் அதை ஆங்கிலத்தில் போட்டபோது நான் கசெற்றை நிறுத்திவிட்டு நெற்றியில் கை வைத்தேன். கதை எல்லாம் உண்டாக்கியது விமான நிலையத்தில்தான் என்று சொல்லியிருந்தார் அந்தப் பிள்ளை.

"ஏன் ரீச்சர்?"

"அவருக்குக் கதை எண்டால் கதைதான் மோளே. கதைக்கிறது எண்டால் பேசுறது எண்டு அவற்ற ஊரில இல்லை."

நடுவர் மூன்று கிழமை தவணை கொடுத்திருந்தார். அப்படி ஒரு விமானமும் அப்படி ஒரு கொம்பனியும் இருந்தன என்று காட்ட ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்தார். வந்த வழியிலேயே பொய் சொல்கிறவள், வந்த காரணத்தில் மட்டும் உண்மை சொல்வாள் என்று எப்படி நம்புவது? அதுதான் அவர்களுடைய கேள்வி. நம்பாவிட்டால் யோகராணி திரும்பிப் போக வேண்டும். அந்த வருடம் அவளுடைய ஊரில் திரும்பிப் போவதற்கு வீடும் இல்லை, கூரையும் இல்லை.

நான் அவளுடைய கையைப் பிடித்து எதிர்க்கதவைத் தட்டினேன்.

சிவபாதம் அவளை நாற்காலியில் இருத்திவிட்டு, தண்டவாளம் உடைந்ததைப் பற்றி விசாரிப்பவர்போலத் தொடங்கினார். "பிள்ளை, எத்தினை எஞ்சின்?"

"செட்டைக்குக் கீழ இஞ்சால ஒண்டு, அங்கால ஒண்டு. மற்றது முதுகில."

"மூண்டாவதுக்கு வாய் எங்க? புகை போறது எங்க?"

யோகராணி கைப்பையிலிருந்து தையல் சோக்கை எடுத்தாள். பாலேஸ்வரி மீன் வெட்ட விரித்திருந்த பத்திரிகையில் ஒரு வளைவு கீறினாள். கைச்சட்டைக்குத் தோள் வெட்டுகிற மாதிரி ஒரு கோடு மேலிருந்து இறங்கி, வளைந்து, வால் நுனியில் வந்து முடிந்தது. "வாய் மேல, முதுகில. புகை வாறது கீழால. அண்ணை, ஏணியில ஏறேக்கை மழை. நான் ஏஜென்ரைப் பாக்கேல்லை, உதைத்தான் பாத்தனான். வெட்டு வித்தியாசமாக் கிடந்தது."

சிவபாதம் பத்திரிகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மற்ற மூண்டு எஞ்சின் பிளேன், டீ.சீ. ரென் எண்டால், நேராப் போகும். இது வளைஞ்சு வருது. ரீச்சர், இது ரைஸ்ரார்."

"கிணறு?" என்றேன் நான்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. பிள்ளை, கிணறு எண்டால் என்ன மாதிரி?"

"பிளேனுக்குள்ள குசினி இல்லை அண்ணை. நடுவில அலுமாரி மாதிரி ஒரு ஒடுக்கமான கதவு. பெட்டை உள்ள போய்ச் சாத்தினவ. சின்னக் கண்ணாடிக்குள்ளால பாத்தன். அவவின்ர தலை கீழ, கீழ, கீழ போச்சுது. பிறகு சாப்பாட்டு வண்டியோட மேல வந்தவ. அப்ப எனக்கு லிப்ற் எண்ட சொல்லுத் தெரியாது. நான் முதல்முதல் லிப்ற்றில ஏறினது இந்தக் கட்டடத்திலதான். இப்ப தெரியும். ஆனா விசாரணையில நிண்டவுடன பழைய சொல்லுத்தான் வாயில வந்தது."

சிவபாதம் தொடையில் அடித்த அடியில் பாலேஸ்வரி குசினியால் ஓடி வந்துவிட்டாள். "கீழ்க் குசினி! ரைஸ்ராரில சாமான் வைக்கிற தட்டில குசினி. மேலயும் கீழயும் போக லிப்ற். எல்லாத்திலயும் இல்லை, பழசுகளில இருக்கு. ஏர் லங்காவில வரேக்கை நானும் அந்தக் கதவைக் கண்டனான். கக்கூசு எண்டு நினைச்சு வரிசையில நிண்டனான்."

எல்லோரும் சிரித்தோம். யோகராணிகூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிவபாதம் கொப்பியைத் திறந்து விரலை வைத்து இறங்கினார். இ என்ற எழுத்தில் தொடங்கும் கொம்பனி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பண்டிகைப் பெயரில் இல்லை. அதைவிட ஓர் எழுத்துக் கூட. ஈஸ்ரர் அல்ல, ஈஸ்ரர்ன். அமெரிக்காவில் ரைஸ்ராரை முதன்முதலாக ஓட்டத் தொடங்கிய கொம்பனி.

"கடைசி எழுத்து இருக்கேல்லையே பிள்ளை?"

"இல்லை அண்ணை. அந்த இடத்தில சின்ன மேடு மாதிரி ஒண்டு. நான் பத்து மணித்தியாலமும் அதைத்தான் தடவிக்கொண்டு வந்தனான். பயத்தில."

"இருவது வருசமாச் சனம் பெருவிரல் வைச்சு இழுக்கிற இடம். தேய்ஞ்சு போச்சு," என்றார் சிவபாதம். பிறகு விரலைக் குறிப்பு நிரலுக்கு நகர்த்தினார். அங்கேயே நின்றுவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய அழகான குண்டெழுத்தில் எழுதியிருந்தது: 1991 தை, கொம்பனி மூடப்பட்டது.

யோகராணி வந்தது 93 கார்த்திகையில்.

"என்ர கடவுளே," என்றாள் பாலேஸ்வரி. "அப்ப பிள்ளை பேயின்ர பிளேனிலயே வந்தவள்?"

இதுவரை பெயர் தெரியாத கொம்பனியாக இருந்தது. இப்போது பெயர் தெரிந்த, செத்துப்போன கொம்பனியாகிவிட்டது. முந்தியதைவிட இது மோசம். யோகராணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிவபாதம் மட்டும் கலங்கவில்லை. "கொம்பனிதான் செத்தது. பிளேன் சாகேல்லை. ஒருத்தர் வீட்டை வித்துப்போட்டுப் போனாலும் கேற்றில பழைய ஆளின்ர பேர் கிடக்கிறேல்லையே? வாங்கினவன் வெளியில வெள்ளை அடிச்சிருக்கிறான். வாடகைக்கு விடுற கொம்பனியள் அப்பிடித்தான், ஆர் எடுத்தாலும் ஓடலாம் எண்டு. பெல்ற்றை ஆர் மாத்திறது? பெயின்ற் பொய் சொல்லும் ரீச்சர். பக்கிள் சொல்லாது."

"உங்கட கொப்பியை அந்த அம்மா நம்புவாவோ?" என்று கேட்டாள் பாலேஸ்வரி. "கட்டின நானே முழுக்க நம்புறேல்லை."

அவருக்கு அது சுட்டது. கொப்பியை மூடினார்.

மறுநாள் சிடார்பிரே நூலகத்துக்குப் போய், விமானத்தைப் பலாப்பழம்போல் பிளந்து காட்டும் ஒரு படத்தை ஒளிநகல் எடுத்து வந்தார். கீழ்க் குசினியும், லிப்ற்றும், அதற்குள் தொப்பி போட்ட ஒரு பெண்ணும் அதில் தெளிவாக இருந்தார்கள். கிணறு தீர்ந்தது. பக்கிள்தான் மிச்சம்.

விமான நிலையத்தில் திருத்துமிடம் ஒன்றில் கஸ்பர் என்றொரு மெக்கானிக் இருந்தார். பாசையூர்க்காரர். பழுதான இருக்கைகளையும் நைந்த பெல்ற்றுகளையும் கழற்றிப் புதிது பூட்டுவது அவருடைய வேலை. சிவபாதம் போய் விசயத்தைச் சொன்னார். "ஈஸ்ரருக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்கு மாஸ்ரர். இப்பவே அவசரமோ?" என்று கஸ்பர் பகிடி விட்டாராம். ஆனாலும் கழித்த பக்கிள்களைப் போட்டு வைக்கும் இரண்டு பெரிய வாளிகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேருமாகக் கிளறினார்கள். முதல் சனி இல்லை. இரண்டாம் சனி இல்லை. விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒன்று அகப்பட்டது. அது அந்தக் கோடையில், இன்னும் ஓட்டத்தில் இருந்த ஒரு விமானத்திலிருந்து கழற்றியது. கஸ்பருக்கு மேலே இருந்த போர்மன், கழற்றிய தேதியை எழுதி ஒப்பமிட்ட கடிதத்தோடு பக்கிளையும் கொடுத்துவிட்டார்.

சிவபாதம் அதை என் மேசையில் வைத்தார். எழுத்துகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஈஸ்ரர்ன். கடைசி எழுத்துத்தான் எல்லாவற்றிலும் தெளிவாக மினுங்கியது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு வருகிற யோசனைகள் எப்படிப்பட்டவை என்று இவ்வளவு தூரம் வாசித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"மாஸ்ரர், உங்களிட்ட அரம் ஒண்டு இருக்கோ?"

"ஏன் ரீச்சர்?"

"அந்தக் கடைசி எழுத்தைக் கொஞ்சம் தேய்ச்சு விட்டால், பிள்ளை சொன்னமாதிரியே இருக்கும்."

பாலேஸ்வரிக்கு யோசனை பிடித்துப்போயிற்று. அரம் எந்த மேசை லாச்சியில் இருக்கிறது என்றும் சொன்னாள். யோகராணி பக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவபாதம் பக்கிளை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ரெஜிஸ்ரரில சுரண்டக் கூடாது. பிழை எண்டாலும் ஒரு கோடு கீறி, பக்கத்தில ஒப்பம் வைக்கிறது. சுரண்டினால் ஒரு வரி இல்லை, முழுக் கொப்பியும் பொய்யாப் போயிடும்."

ஒரு மனிதரின் முன்னால் வெட்கப்படுவது எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்குப் பட்டேன்.

விசாரணை நாளில் நானும் நகரத்துக்குப் போனேன். உள்ளே விடவில்லை, வெளியே போட்டிருந்த வாங்கிலில் குந்தியிருந்தேன். சேதுராமன் தண்ணீர் குடிக்க வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, நல்ல பிள்ளை. வழக்கைப் பற்றி அவரோடு பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தமிழைப் பற்றிப் பேசலாந்தானே?

"தம்பி, எங்கட ஆக்கள் 'அவர் என்னோட கதைச்சவர்' எண்டு சொன்னால் உங்கட ஊரில என்ன விளங்கும்?"

"கதை சொன்னார்னு. இல்லைங்களா அம்மா?"

"இல்லை ராசா. பேசினார். நாங்கள் காலமை எழும்பினதிலயிருந்து படுக்குமட்டும் கதைக்கிற சனம். முழுக்கக் கதை எண்டால் நாடு தாங்காது."

அவர் குடித்த தண்ணீர் பாதியில் நின்றது. போன தவணை அவருக்கு நினைவு வந்ததை முகத்திலேயே கண்டேன். குவளையை வைத்துவிட்டு நேரே உள்ளே போனார்.

உள்ளே நடந்ததை யோகராணி ஒருவிதமாகவும், சிவபாதம் ஒருவிதமாகவும், வக்கீல் மூன்றாவது விதமாகவும் சொன்னார்கள். மூன்றிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன். எனக்கு இது பெரிய கட்டுப்பாடு.

முதலில் சேதுராமன் எழுந்து, போன தவணை ஒரு சொல்லைத் தான் பிழையாக மொழிபெயர்த்ததாகத் தானாகவே சொன்னார். பிறகு வக்கீல் பிளந்த விமானத்தின் படத்தைக் கொடுத்தார். நடுவர் அம்மா லிப்ற்றுக்குள் நின்ற பெண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கிணறு" என்று தமிழிலேயே சொல்லிப் பார்த்தாராம். சிவபாதத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர் ரயில்வே காலத்துக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கொப்பியை விரித்து, ஒரு கொம்பனி மூடினால் விமானங்கள் எப்படிக் கைமாறும், பெயர் எப்படி மாறும், பக்கிள் எப்படி மாறாது என்று தன் ஸ்ரேசன் ஆங்கிலத்தில் சொன்னார். அரசாங்கங்களின் பக்கத்தையும் வாசிக்கத் தொடங்கினாராம். வக்கீல் மெல்ல இருமி நிறுத்தினார்.

நடுவர் அம்மாவுக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு நடுவர் இருந்தார். போன தவணை முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை, பென்சில் சீவிக்கொண்டிருந்தாராம். இப்போது அவர்தான் பக்கிளைக் கையில் எடுத்தார். இழுத்தார், விட்டார். டிக் என்றது. பிறகு அதை யோகராணியிடம் நீட்டினார்.

"இதுதானா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஓம் என்று ஒரு சொல். வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினாராம். சிவபாதம் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகராணி பக்கிளை மடியில் வைத்து, துணியின் தரத்தைப் பார்ப்பதுபோலப் பெருவிரலால் கடைசி எழுத்தைத் தடவினாள்.

"இல்லை," என்றாள். "எழுத்து இதே எழுத்துத்தான். ஆனா நான் கண்டது இது இல்லை. என்ர பக்கிளில இந்தக் கடைசி எழுத்து இல்லை. ஆறு எழுத்துத்தான் இருந்தது. மற்ற இடத்தில தேய்ஞ்ச மேடு."

சேதுராமன் அதை மொழிபெயர்த்தார், மிகவும் மெதுவாக, சொல்லுக்குச் சொல். நடுவர் அம்மா பழைய குறிப்பைப் புரட்டினார். அங்கே அவரே கைப்பட எழுதியிருந்தது: இ, ஏ, எஸ், ரி, இ, ஆர். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவர் கேள்விக்குறியின்மேல் ஒரு கோடு கீறியதைச் சிவபாதம் தன் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். பக்கத்தில் ஒப்பமும் வைத்தாராம். அது மட்டும் சிவபாதத்தின் சேர்க்கையோ என்று எனக்குச் சந்தேகம். என்னோடு பழகி வந்த குணமாக இருக்கலாம்.

நடுவர்கள் இரண்டு பேரும் எழுந்து போய் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். பிறகு யோகராணியிடம் விமானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் அவளுக்கு நடந்ததைக் கேட்டார்கள். ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். அவள் சொன்னாள், அவர்கள் நம்பினார்கள். ஏற்றுக்கொள்கிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்தவள் என்னைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் சொன்னாள்: "ரீச்சர், நீங்கள் அரத்தால தேய்ச்சிருந்தாலும் நான் இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன். தேய்ஞ்சதும் தேய்ச்சதும் விரலுக்குத் தெரியும்." அப்படிச் சொல்லியிருந்தால் எங்கள் எல்லோருடைய கதி என்னவாகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சிவபாதம் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனார். ஒரு வித்தியாசம் மட்டும். அதற்குப் பிறகு ரைஸ்ரார் எது வந்தாலும், பெல்ற்றுகளைக் குறுக்கே போடும்போது ஒவ்வொரு பக்கிளின் கடைசி எழுத்தையும் தடவிப் பார்ப்பார். "மனுசன் பெல்ற்றுக்கும் சாத்திரம் பாக்கத் தொடங்கீற்றுது," என்றாள் பாலேஸ்வரி. 95 போனது, 96 போனது. பழைய ரைஸ்ரார்கள் ஒவ்வொன்றாகப் பாலைவனத்துக்குப் போய் நிற்கத் தொடங்கின. கொப்பியின் குறிப்பு நிரலில் 'நிறுத்தப்பட்டது' என்ற சொல் அடிக்கடி வந்தது.

97 ஆடியில் ஒரு பின்னேரம் அவர் என் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"கண்டனான் ரீச்சர்."

விடுமுறைக்காரர்களை ஏற்றி இறக்கும் ஒரு விமானம். வெளியே நீலமும் மஞ்சளுமாகச் சோடனை. முப்பத்தாறாம் வரிசை, யன்னல் பக்கம். ஆறு எழுத்து, பிறகு ஒரு மேடு.

அப்போது யோகராணி மார்க்கம் என்ற ஊரில் திரைச்சீலை தைக்கும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். என் தொலைபேசியிலேயே அவளைக் கூப்பிட்டோம். எடுத்துக்கொண்டு வந்தீர்களா என்று கேட்பாள் என்று நான் நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அண்ணை, அதில ஆர் இருந்தவை?"

"நான் போகேக்கை ஒருத்தரும் இல்லை பிள்ளை," என்றார் சிவபாதம். "துடைச்சு, குறுக்கால போட்டு, முகம் மேல பாக்க வைச்சிட்டு வந்தனான்."